கட்டியைச் சுற்றி இருக்கும் திசுவிலும் மரபணு மாறுகிறதா?

தேன்மொழி (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். செமினாருக்குக் கட்டியைச் சுற்றியுள்ள திசு பற்றிப் பேச வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

2002இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் சாரிஸ் எங் குழுவினர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் புற்றுச் செல்களில் மட்டுமல்லாமல் அவற்றைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவிலும் (கட்டியைத் தாங்கும் துணைத் திசு) பிடென், டிபி53 என்ற புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களில் மியூட்டேஷன் (டிஎன்ஏ எழுத்தில் மாற்றம்) அடிக்கடி தென்படுகிறது, ஒன்று இருந்தால் இன்னொன்று இருப்பதில்லை என்கிறார்கள். 2008இல் அதே இதழில் இயன் கேம்பெல், கொர்னேலியா போல்யாக் குழுவினரின் கட்டுரை வருகிறது. மார்பகம், சினைப்பை இரண்டிலும் கட்டியோடு சேர்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை (கொலாஜன் இழைகளை உண்டாக்கும் செல்கள்) பிரித்துப் பார்த்தோம், ஒரே தாய்ச் செல்லிலிருந்து பரவிய மரபணு மாற்றம் இருப்பதற்கான சான்றே இல்லை என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டும் பெரிய குழுக்கள், ஒரே இதழ், ஒரே கேள்வி. பதில் மட்டும் நேர் எதிர். என் வழிகாட்டி, "நீயே ஒரு முடிவுக்கு வா, ஏன் அந்த முடிவு என்று வகுப்பில் சொல்" என்கிறார். எதை நம்புவது?

---

நோயியல்மருத்துவர்

தேன்மொழி, நல்ல கேள்வி. எதை நம்புவது என்று பார்ப்பதற்கு முன்னால் "சுற்றியுள்ள திசு" என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மார்பகப் புற்றுநோய் ஸ்லைடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நடுவில் ஊதா நிறத்தில் நெருக்கமாகப் புற்றுச் செல் கூட்டங்கள். உட்கரு பெரிதாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்தக் கூட்டங்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாக அலை அலையாகக் கொலாஜன் இழைகள். அவற்றுக்குள் நீண்டு மெலிந்த உட்கருவோடு படுத்திருப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள். ஆங்காங்கே மெல்லிய சுவரோடு ரத்த நாளங்கள். ஓரத்தில் கரும்புள்ளி தூவியதுபோல் லிம்போசைட்டுகள், அவற்றோடு மேக்ரோஃபேஜ்கள்; இரண்டும் நோய் எதிர்ப்புச் செல்கள். ஸ்ட்ரோமா என்று நாங்கள் சொல்வது இந்தக் கலவை முழுவதையும்தான்.

ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினால், கட்டியிலிருந்து சற்றுத் தள்ளி, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத பால் நாளங்கள் வரும். இவை எபிதீலியத் திசு (நாளங்களின் உட்புறத்தையும் உறுப்புகளின் மேற்புறத்தையும் மூடும் செல் அடுக்கு), அதாவது எந்த வகைச் செல்லில் புற்றுநோய் பிறந்ததோ அதே வகை. இதையும் "சுற்றியுள்ள திசு" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பக்கத்திலுள்ள, பார்வைக்கு நலமாகத் தெரியும் எபிதீலியத்தில் மியூட்டேஷன் உண்டா? உண்டு, அதில் இன்று சந்தேகமே இல்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற துணைச் செல்களில் உண்டா? நீங்கள் சொன்ன இரண்டு கட்டுரைகளும் மோதுவது இங்கேதான்.

---

தரவுத்தறி

சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் முறை) தரவுகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் 2008 பக்கம். ஆனால் ஏன் என்பதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்த ஆய்வுகள் எப்படி நடந்தன? மருத்துவமனைகளில் பாரஃபின் கட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதித்து, வருடக்கணக்கில் அலமாரியில் இருந்தவை. அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, லேசர் மைக்ரோடிசெக்‌ஷன் மூலம் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். அந்தக் கருவி 1996இல் வந்தது. புற்றுச் செல் தனி, ஸ்ட்ரோமா தனி என்று எடுக்க முடிந்ததே அப்போது பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். ஸ்ட்ரோமாவில் செல்கள் அடர்த்தி குறைவு, இடம் முழுக்கக் கொலாஜன். அதனால் கிடைக்கும் டிஎன்ஏ கொஞ்சம்தான். அதுவும் ஃபார்மலின் பட்டு துண்டு துண்டாகிப் போனது. இதை பிசிஆர் முறையில் பல மடங்கு நகலெடுத்து, மைக்ரோசாட்டலைட் குறிகளில் (ஆளுக்கு ஆள் நீளம் மாறும் டிஎன்ஏ பகுதிகள்) இரண்டு பிரதிகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அம்மாவிடமிருந்து வந்தது ஒன்று, அப்பாவிடமிருந்து வந்தது ஒன்று. நீளம் வேறுபட்டால் வரைபடத்தில் இரண்டு முகடு வரும். ஒன்று காணாமல் போனால் அந்தப் பிரதி இழக்கப்பட்டது என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் தொடக்கத்திலேயே பெருக்கத்தக்க பிரதி ஏழெட்டுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசிஆரின் முதல் சில சுற்றுகளில் எந்தப் பிரதி மாட்டிக்கொண்டதோ அதுவே கடைசிவரை ஓங்கி நிற்கும். மற்றது செல்லில் பத்திரமாக இருந்தாலும் வரைபடத்தில் வராது. அதே மாதிரியை மறுபடி ஓட்டினால் இந்த முறை மற்ற முகடு காணாமல் போகலாம். நீளமான பிரதி துண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அதுவே அடிக்கடி விடுபடும்.

மியூட்டேஷன்களுக்கும் இதே கதை. ஃபார்மலினில் கிடந்த டிஎன்ஏவில் சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறிவிடும். பிசிஆர் நொதி அதை தைமின் என்று படிக்கும். சி இருந்த இடத்தில் டி வந்துவிடும், பார்ப்பதற்கு அசல் மியூட்டேஷன் மாதிரியே. டிஎன்ஏ நிறைய இருந்தால் ஆயிரத்தில் ஒரு மூலக்கூறின் பிழை தெரியாது. நாலைந்து மூலக்கூறிலிருந்து தொடங்கினால் அந்தப் பிழையே "மியூட்டேஷன்" ஆகிவிடும். இன்று இதைத் தவிர்க்க யுராசிலை வெட்டும் நொதியைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி அடையாளக் குறி ஒட்டி எண்ணுகிறார்கள். அன்று இந்த வசதிகள் பெரும்பாலும் கிடையாது.

2008 கட்டுரைக்காரர்கள் ஃபார்மலின் படாத திசுவிலிருந்து செல்களைப் பிரித்து, ஜீனோம் (செல்லின் மொத்த டிஎன்ஏ) முழுக்கப் பார்க்கும் சிப்பில் ஓட்டினார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்களின் வரைபடம் ஏறக்குறைய நலமான திசுபோலவே தட்டையாக வந்தது. அதற்கு முன்பே, 2004இல், போல்யாக் குழு மார்பகத்தின் செல் வகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதும் டிஎன்ஏ அளவிலான மாற்றம் புற்று எபிதீலியச் செல்களில் மட்டும்தான் கிடைத்தது.

---

தேன்மொழி

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்பவில்லை. 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அதே சாரிஸ் எங் குழு, ஸ்ட்ரோமாவில் டிபி53 மியூட்டேஷன் இருந்தவர்களுக்கு நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்தது அதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஃபார்மலின் செய்த கோளாறு என்றால், நோயின் போக்கோடு எப்படி ஒத்துப்போகும்? கோளாறு என்பது எல்லா மாதிரிக்கும் ஒரேபோல அல்லவா இருக்க வேண்டும்?

---

தரவுத்தறி

இந்தக் கேள்வியை அப்படியே செமினாரில் வையுங்கள். இதுதான் 2002 தரப்பின் பலமான வாதம்.

என் பதில் இது. வெட்டி எடுத்த "ஸ்ட்ரோமா"வில் புற்றுச் செல் கலந்திருக்கலாம். நிணநீர்க் கணுவுக்குப் பரவும் கட்டிகள் பெரும்பாலும் ஓரம் கிழிந்து, ஒற்றை ஒற்றையாகச் செல்களை ஸ்ட்ரோமாவுக்குள் அனுப்பும் வகை. சில புற்றுச் செல்கள் எபிதீலிய உருவத்தை விட்டுவிட்டு நீண்டு மெலிந்து, ஃபைப்ரோபிளாஸ்ட் தோற்றத்துக்கே மாறிவிடும். லேசரைப் பிடித்திருப்பவர் கண்ணுக்கு அது ஃபைப்ரோபிளாஸ்ட்தான். அப்படிப்பட்ட கட்டிகளில் "ஸ்ட்ரோமா மியூட்டேஷன்" கிடைக்கவும் செய்யும், நோய் பரவியும் இருக்கும். தொடர்பு உண்மை, காரணம் வேறு.

இது நான் வைக்கும் விளக்கம். ஒவ்வொரு மாதிரியிலும் இப்படித்தான் நடந்தது என்று யாரும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

---

முகிலன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பரிசோதனைக் கோளாறையெல்லாம் விட்டுவிட்டு வேறு பக்கமிருந்து யோசித்தாலே 2002 முடிவு எனக்கு இடிக்கிறது.

ஸ்ட்ரோமாவை மொத்தமாக வெட்டி எடுத்து, அதில் ஒரு பிரதி காணோம் என்று தெரிய வேண்டுமானால், அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்களில் பெரும்பாலானவை அந்தப் பிரதியை இழந்திருக்க வேண்டும். அதற்கு அவையெல்லாம் ஒரே தாய்ச் செல்லிலிருந்து பெருகியிருக்க வேண்டும். ஆனால் கட்டிக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அந்த இடத்திலேயே இருந்தவை, ரத்த நாளச் சுவரிலிருந்து வந்தவை, எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தவை என்று பல வழிகளில் சேர்ந்தவை. பத்துப் பேர் பத்துத் திசையிலிருந்து வந்து சேர்ந்த கூட்டத்தில் எல்லோருக்கும் எப்படி ஒரே மியூட்டேஷன் இருக்கும்?

இன்னொன்று. இந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களை வெளியே எடுத்து வளர்த்தால் சில தலைமுறைக்குப் பிறகு சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட்போலவே களைத்து நின்றுவிடுகின்றன. டிபி53 உண்மையிலேயே போய்விட்டிருந்தால் அவ்வளவு சமர்த்தாக நின்றிருக்குமா?

---

நோயியல்மருத்துவர்

முகிலன் சொன்னதோடு ஒரு எதிர்ச் சோதனையையும் சேர்க்கிறேன். ஸ்ட்ரோமாவில் அசலான மியூட்டேஷன் இருந்தால் நம் முறைகளால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும்.

இளம் பெண்களுக்கு மார்பில் வரும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் வழுக்கி நகரும், எங்கள் மேசைக்கு அடிக்கடி வருவது. அதில் எபிதீலியமும் இருக்கும், ஸ்ட்ரோமாவும் இருக்கும். 2014இல் சிங்கப்பூர்க் குழு ஒன்று 98 ஃபைப்ரோஅடினோமாக்களைப் பார்த்து, 58இல் மெட்12 என்ற மரபணுவில் மியூட்டேஷனைக் கண்டது. ஏறக்குறைய எல்லாம் அந்த மரபணுவின் ஒரே சிறு பகுதியில். லேசரால் பிரித்துப் பார்த்தால் மியூட்டேஷன் ஸ்ட்ரோமாவில் மட்டும், எபிதீலியம் சுத்தம்.

உண்மையான மாற்றம் இப்படித்தான் வரும். ஆள் மாறினாலும் மரபணு ஒன்றே, இடமும் ஒன்றே, வேறு ஆய்வகம் பார்த்தாலும் அதுவே கிடைக்கும். பிறகு வந்தவர்கள் ஃபில்லோடஸ் என்ற இன்னொரு மார்பகக் கட்டியிலும் இதையே கண்டார்கள். புற்றுநோய் ஸ்ட்ரோமாவுக்கு இப்படிக் கைக்கு அகப்படும் ஒரு மியூட்டேஷன் கிடைக்கவில்லை. 2002 கட்டுரையை விட்டு நான் விலகி வந்தது இந்த ஒப்பீட்டால்தான்.

ஆனால் மெட்12 கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: ஸ்ட்ரோமாவில் மியூட்டேஷன் வரவே வராது என்று விதி ஒன்றும் கிடையாது. ஃபைப்ரோஅடினோமாவில் ஸ்ட்ரோமாவே கட்டி. ரத்த நாளங்களிலும் விதிவிலக்கு உண்டு. பி செல் லிம்ஃபோமா (ஒரு வகை வெள்ளணுவில் வரும் புற்றுநோய்) கட்டிகளின் நுண்நாளச் சுவர்ச் செல்களில், லிம்ஃபோமாவுக்கே உரிய குரோமோசோம் இடமாற்றம் இருப்பதை 2004இல் காட்டினார்கள். அந்தச் செல்கள் லிம்ஃபோமாவோடு ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்பது தனி விவாதம்.

---

அன்னக்கிளி

எனக்கு இந்த மரபணு விஷயமெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கணும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. என் அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்ததும் ஓரம் சுத்தம், முழுசாக எடுத்தாச்சு என்று ரிப்போர்ட் வந்தது. நிம்மதியாக இருந்தோம். அப்புறம் அதே பக்கம், கொஞ்சம் தள்ளி, மறுபடியும் வந்துவிட்டது. அப்போ முதலில் சரியாக எடுக்கவில்லையா? ரிப்போர்ட் தப்பா? சுற்றி இருக்கிற சதையும் மாறியிருக்கும் என்று இங்கே படித்ததும் மனசு கேட்கலை.

---

நோயியல்மருத்துவர்

அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை. அப்பாவின் ஸ்லைடை நான் பார்க்கவில்லை. அவருடைய விஷயத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்வது முறையல்ல. ஆனால் நீங்கள் சொல்வதுபோல் நடப்பதற்கு, யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு அது ரொம்ப காலமாகத் தெரிந்த காரணம்.

1953இல் ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் 783 வாய்ப் புற்றுநோயாளிகளின் திசுக்களைப் பரிசோதித்தார்கள். கட்டிக்கு வெளியே, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த சவ்வும் நுண்ணோக்கியில் மாறியிருந்தது. சிலருக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தனித்தனியாகப் புற்றுநோய் இருந்தது. ஒரு புள்ளியில் மட்டும் நோய் பிறப்பதில்லை, ஒரு பரப்பே அதற்குத் தயாராகிவிடுகிறது என்று அவர்கள் எழுதினார்கள். புகையிலையும் மதுவும் வாயின் சவ்வு முழுவதையும் தொடுகின்றன, அதனால் இதில் வியப்பும் இல்லை.

ஸ்லாட்டர் காலத்தில் டிஎன்ஏவைப் படிக்க வழியில்லை. 1995இல் அது நடந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயில் கட்டியில் டிபி53 மியூட்டேஷன் இருந்த 25 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அறுவை ஓரம் நுண்ணோக்கியில் சுத்தம். அதே ஓரங்களில் அந்தக் கட்டியின் டிபி53 மியூட்டேஷனைத் தேடியபோது 13 பேருக்கு இருந்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மற்ற 12 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை.

"ஓரம் சுத்தம்" என்று நான் கையெழுத்துப் போடும்போது, நான் பார்த்த சீவல்களில் புற்றுச் செல் உருவம் இல்லை என்று அர்த்தம். அது உண்மையான தகவல், அதை வைத்துத்தான் சிகிச்சை தீர்மானமாகிறது. ஆனால் உருவம் மாறாமல், உள்ளே மரபணு மட்டும் மாறியிருக்கும் செல்லை நுண்ணோக்கி காட்டாது. வாய்ச் சவ்வில் அப்படிப்பட்ட பரப்பு அறுவை எல்லையைத் தாண்டியும் போகலாம். சற்றுத் தள்ளி வந்தது பழைய கட்டியின் மிச்சமா, அதே பரப்பிலிருந்து பிறந்த புதிய கட்டியா என்பதைப் பல நேரம் நுண்ணோக்கி வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டு கட்டிகளின் மியூட்டேஷன்களை ஒப்பிட்டால் ஓரளவு தெரியும்.

அப்பாவுக்கு நடைமுறையில் உதவுவது, குறித்த தேதியில் விடாமல் பரிசோதனைக்குப் போவது. வாயில் எங்கே வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் காட்டுங்கள். புகையிலை, பாக்கு, மது எதுவாக இருந்தாலும் அடியோடு நிறுத்த வேண்டும். நோய் வந்தபின் நிறுத்தி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். பயன் உண்டு: நிறுத்தியவர்களுக்கு இரண்டாவது கட்டி வரும் ஆபத்து குறைகிறது.

---

அன்னக்கிளி

ரொம்ப நன்றி டாக்டரம்மா. அந்த டாக்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தோம் வீட்டில். இதை அம்மாவிடமும் படித்துக் காட்டுகிறேன்.

---

முகிலன்

மேடம், அப்படியானால் பக்கத்துத் திசுவில் மியூட்டேஷன் தெரிந்தாலே புற்றுநோய் வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஓரத்தை எல்லோருக்கும் சீக்வென்ஸ் செய்துவிடலாமே.

---

தரவுத்தறி

முடியாது. 2015க்குப் பிறகு வந்த தரவு அந்த எண்ணத்தைத் தடுத்துவிட்டது.

அந்த ஆண்டு சாங்கர் நிறுவனத்தின் மார்ட்டின்கொரேனா குழு, கண்ணிமை அறுவையில் மீந்த தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஆழமாக சீக்வென்ஸ் செய்தது. புற்றுநோயே இல்லாத தோல். அதில் ஏறக்குறைய கால்வாசிச் செல்களில், புற்றுநோயைத் தூண்டும் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு மியூட்டேஷன் இருந்தது. 2018இல் உணவுக்குழாயைப் பார்த்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களின் நலமான உணவுக்குழாயில் நாட்ச்1 என்ற மரபணுவில் மியூட்டேஷன் கொண்ட செல்கள் பெரும் பரப்பைப் பிடித்திருந்தன. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நாட்ச்1 மியூட்டேஷன் தென்படுவதைவிட நலமான திசுவில் பல மடங்கு அதிகம்!

அந்த மியூட்டேஷன் செல்லைப் பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பரவ வைக்கிறது. ஆனால் புற்றுநோய்க்குக் கொண்டுபோவதாகத் தெரியவில்லை, சொல்லப்போனால் குறுக்கே நிற்கலாம். 2021இல் எலிகளின் உணவுக்குழாயில், பார்வைக்கு நலமான மியூட்டேஷன் செல்கள் பரவும்போது அப்போதுதான் முளைத்த நுண்கட்டிகளைத் தள்ளி வெளியேற்றிவிடுவதைக் காட்டினார்கள். பல வருடமாக இந்தத் துறையில் இருந்தும், அந்தப் படங்களைப் பார்த்தபோது மலைத்துப் போனேன்.

ஆகவே ஓரத்தில் "ஏதோ மியூட்டேஷன்" என்பதற்கு அர்த்தம் குறைவு. அதே கட்டியின் அதே மியூட்டேஷனா என்பதுதான் கேள்வி. 1995 ஆய்வு அப்படித்தான் தேடியது. அதனால்தான் அதன் முடிவுக்கு மதிப்பு.

---

தேன்மொழி

எபிதீலியம் புரிந்தது. ஃபைப்ரோபிளாஸ்டுக்குத் திரும்புகிறேன். டிஎன்ஏ மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவை நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கிறதே. 1999இல் ஒலுமி குழுவின் ஆய்வை வாசித்தேன். புற்றுநோய் உண்டாக்காத, ஆனால் சாகாமல் வளரும்படி மாற்றப்பட்ட புரோஸ்டேட் எபிதீலியச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். நலமான ஃபைப்ரோபிளாஸ்டோடு சேர்த்து எலிக்குள் வைத்தால் ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டோடு வைத்தால் பெரிய கட்டி வருகிறது. கட்டியை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பழைய குணத்தை விடவில்லை. மியூட்டேஷன் இல்லாமல் இந்த ஞாபகம் எங்கே இருக்கிறது?

---

முகிலன்

எபிஜெனிடிக்ஸ். போல்யாக் குழுவே 2005இல் இதைக் காட்டியிருக்கிறது. டிஎன்ஏ எழுத்து அப்படியே இருக்க, அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் மாறுகின்றன. மார்பகப் புற்றுநோயில் எபிதீலியம், அதைச் சுற்றியுள்ள மயோஎபிதீலியம் (சுருங்கும் செல் அடுக்கு), ஸ்ட்ரோமா மூன்றிலும் மெத்தில் குறிகள் வேறுபட்டிருந்தன. செல் பிரியும்போது இந்தக் குறிகளும் நகலாகும். அதனால் தலைமுறை தாண்டி நிற்கும்.

1889இல் ஸ்டீபன் பேஜட் 735 மார்பகப் புற்றுநோய்ப் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். நூறு வருடத்துக்கும் மேலாக எல்லோரும் விதையையே ஆராய்ந்தோம். மண்ணின் மேலிருந்த குறிகளைப் படிக்க இப்போதுதான் கருவி கிடைத்திருக்கிறது.

---

நோயியல்மருத்துவர்

தேன்மொழி, செமினாரில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ஸ்ட்ரோமாவில் மியூட்டேஷன் இருந்தால் புற்றுநோய் வருமா என்று. எலியில் வரும். 2004இல் பௌமிக், மோசஸ் குழு எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மட்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தின் ஏற்பியை நீக்கியது. எபிதீலியத்தைத் தொடவே இல்லை. ஆனால் புரோஸ்டேட் எபிதீலியத்தில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமும், முன்வயிற்றில் ஊடுருவும் புற்றுநோயும் வந்தன. 2009இல் மார்பக ஃபைப்ரோபிளாஸ்ட்களில் பிடென்னை நீக்கியபோது எலிகளின் மார்பகக் கட்டி வேகமாகத் தோன்றி வளர்ந்தது. 2002 கட்டுரை சொன்ன அதே பிடென் என்பதைக் கவனியுங்கள்.

"பார்த்தீர்களா, 2002 சரி" என்று யாராவது சொன்னால் தடுமாற வேண்டாம். எலியில் நாம் நீக்கினால் என்ன ஆகும் என்பது ஒன்று. மனிதக் கட்டியில் அது தானாக நீங்கியிருக்கிறதா என்பது வேறு. பிடென் புரதம் ஸ்ட்ரோமாவில் குறைந்து போவது மனிதர்களிலும் உண்டு, ஆனால் அதற்கு மரபணுவே தொலைந்திருக்க வேண்டும் என்றில்லை, அணைந்திருந்தாலே போதும்.

---

முகிலன்

சிகிச்சைக்கு இது நல்ல செய்தி அல்லவா? புற்றுச் செல் மியூட்டேஷன் மேல் மியூட்டேஷனாகச் சேர்த்து மருந்துக்குத் தப்பிவிடும். ஃபைப்ரோபிளாஸ்டின் ஜீனோம் நிலையாக இருக்கிறது. அதைக் குறிவைத்தால் தப்பிக்க வழி குறைவு. ஸ்ட்ரோமாவை அழித்துவிட்டால் கட்டி தனியாக என்ன செய்யும்?

---

நோயியல்மருத்துவர்

ஜீனோம் நிலையானது என்ற வாதம் சரி. "அழித்துவிட்டால்" என்ற இடத்தில்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் அதைச் செய்து பார்த்து நோயாளிகள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

கணையப் புற்றுநோயில் கட்டியின் பெரும்பகுதி ஸ்ட்ரோமாதான். கத்தி வைத்தால் கெட்டியாகத் தடுக்கும். மருந்து உள்ளே போகாததற்கு அதுவே காரணம் என்று நினைத்தார்கள். 2009இல் எலிகளில் ஹெட்ஜ்ஹாக் என்ற, செல்களுக்கு இடையிலான சமிக்ஞையைத் தடுத்து ஸ்ட்ரோமாவைக் குறைத்தபோது கீமோ மருந்து நன்றாக உள்ளே போனது. எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. மனிதர்களில் தொடங்கிய சோதனையில், அந்த மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமானதால் 2012இல் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் என்பது 2014இல் வந்த இரண்டு எலி ஆய்வுகளில் தெரிந்தது. ஸ்ட்ரோமாவை நீக்கியதும் கட்டி இன்னும் முரட்டுத்தனமாக மாறியது, எலிகள் சீக்கிரம் இறந்தன. ஸ்ட்ரோமாவின் ஒரு பகுதி கட்டிக்கு உதவினாலும் இன்னொரு பகுதி கட்டியை அடக்கி வைத்திருந்தது. அதே ஆண்டு சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு வேறு வழியில் போனது. வைட்டமின் டி ஏற்பியைத் தூண்டி, கணைய ஸ்டெல்லேட் செல்களை (அங்கே ஸ்ட்ரோமாவை உண்டாக்குபவை) அமைதியான பழைய நிலைக்குத் திருப்பினார்கள். கீமோவோடு சேர்த்தபோது எலிகளுக்குப் பலன் இருந்தது.

எழுத்தே மாறியிருந்தால் திருப்பும் முயற்சிக்கு இடமே இல்லை. குறிகள் மட்டும் மாறியிருப்பதால்தான் திருப்பலாம் என்று நினைக்கவாவது முடிகிறது. 2002க்கும் 2008க்கும் நடுவே நடந்த சண்டை, புள்ளிவிவரச் சண்டைபோலத் தெரிந்தாலும், எந்த மருந்தைத் தேடுவது என்பதே அதைப் பொறுத்திருக்கிறது. இதைச் செமினாரில் அழுத்திச் சொல்லுங்கள், தயவுசெய்து.

---

தேன்மொழி

கண்டிப்பாகச் சொல்கிறேன் மேடம். கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் கட்டியின் மியூட்டேஷனைக் கண்டுபிடிக்க, பக்கத்துத் திசுவைத்தான் "நார்மல்" என்று வைத்து ஒப்பிடுகிறோம். இவ்வளவும் படித்த பிறகு அது சரியா?

---

தரவுத்தறி

வேறு வழி இருந்தால் வேண்டாம். பக்கத்து எபிதீலியத்திலும் அதே மியூட்டேஷன் இருந்தால், மென்பொருள் அதைப் பிறவியிலேயே வந்தது என்று கருதிக் கழித்துவிடும். கட்டியின் முக்கியமான, ஆரம்பகால மியூட்டேஷன்களே அப்படி மறைந்துபோகும். மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். 2017இல் பல உறுப்புகளை ஒப்பிட்ட ஆய்வில், கட்டியை ஒட்டிய திசு முழு நலமான திசுவுக்கும் கட்டிக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில் இருப்பது தெரிந்தது. அழற்சிச் சமிக்ஞைகள் அதில் ஏறியிருந்தன.

ரத்தத்தை எடுங்கள். அதிலும் ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு ரத்தச் செல்களிலேயே டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் மியூட்டேஷன் கொண்ட கூட்டம் இருக்கும். அந்த ரத்தச் செல்கள் கட்டிக்குள்ளும் ஊடுருவும். கட்டியை மட்டும் சீக்வென்ஸ் செய்தால், டெட்2 மியூட்டேஷன் கட்டியுடையது என்று எழுதிவிடுவீர்கள், அது மேக்ரோஃபேஜுடையதாக இருக்கும். ஸ்ட்ரோமாவில் அசலான மியூட்டேஷனோடு இருப்பவை யார் என்று கேட்டால், என் தரவுகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் ஃபைப்ரோபிளாஸ்ட் கிடையாது, இந்த ரத்தச் செல்கள்தான்.

அதனால் ரத்தத்தையும் கட்டியையும் ஒரே ஆழத்தில் சீக்வென்ஸ் செய்து, இரண்டிலும் எந்த விகிதத்தில் வருகிறது என்று பாருங்கள். ரத்தத்தில் அதிகமாகவும் கட்டியில் குறைவாகவும் வந்தால் அது பெரும்பாலும் ரத்தக் கூட்டத்துடையது. வயதான நோயாளியாக இருந்து, நிதியும் இருந்தால், தோல் ஃபைப்ரோபிளாஸ்டை வளர்த்து மூன்றாவது ஒப்பீடாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் திசுவைத் தூக்கி எறிய வேண்டாம். அதை "நார்மல்" என்று பெயரிடாமல், தனி மாதிரியாக ஓட்டுங்கள்.

---

தேன்மொழி

குறித்துக்கொண்டேன் அண்ணா. ஃப்ரீசரில் எத்தனை நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நாளைக்கே பார்க்கிறேன்.